டஃபிங் சமன்பாடு: படியைப் பாதியாக்கினால் விடையே மாறுகிறது, இது கேயாஸா, கணக்குப் பிழையா?

கலங்கரை எழுதியது:

வணக்கம். எம்.எஸ்சி. இயற்பியல் கடைசி வருடப் புராஜெக்டுக்கு டஃபிங் அலையியற்றியை எடுத்திருக்கிறேன், இரட்டைக் குழி வகை, அதாவது தங்கி நிற்க இரண்டு பள்ளங்கள், நடுவே ஒரு மேடு. குறியீடு இல்லாமல் சொன்னால், முடுக்கத்தோடு 0.3 மடங்கு திசைவேகத்தைக் கூட்டி, இடப்பெயர்ச்சியைக் கழித்து, இடப்பெயர்ச்சியின் கனத்தைக் கூட்டினால் வருவது வெளியிலிருந்து கொடுக்கும் கொசைன் விசைக்குச் சமம். அந்த விசையின் கோண அதிர்வெண் 1.2. வீச்சை மட்டும் மாற்றி மாற்றிப் பார்க்கிறேன். பைத்தானில் நானே எழுதிய நான்காம் வரிசை ரூங்கே-குட்டா (நேரத்தைச் சிறு படிகளாக வெட்டிச் சமன்பாட்டைத் தீர்க்கும் எண்முறை), படி 0.01.

வீச்சு 0.20 வைத்தால் ஒரே வளையம். 0.28இல் விசையின் இரண்டு சுற்றுக்கு ஒரு முறை பழைய இடத்துக்குத் திரும்புகிறது, 0.29இல் நான்கு சுற்றுக்கு ஒரு முறை. இதுவரை எல்லோரும் சொல்வதுபோலவே வருகிறது. 0.50க்குப் போனால் எதுவும் திரும்புவதில்லை, இடது குழியில் கொஞ்ச நேரம், வலது குழியில் கொஞ்ச நேரம் என்று தாவிக்கொண்டே இருக்கிறது. சரி, இதுதான் கேயாஸ் (விதி திட்டமாக இருந்தும் ஒழுங்கில்லாமல் ஓடும் இயக்கம்) என்று எழுதி கைடிடம் கொண்டுபோனேன். அவர் கேட்ட முதல் கேள்வி: "படியைப் பாதியாக்கினால் இதே விடை வருகிறதா?" வரவில்லை. 0.005 வைத்து ஓட்டினால் முதலில் கொஞ்ச தூரம் இரண்டு கோடுகளும் ஒன்றின்மேல் ஒன்று பொருந்திப் போகின்றன, அப்புறம் மெல்ல விலகி, கடைசியில் சம்பந்தமே இல்லாத இரண்டு கோடுகளாகிவிடுகின்றன. 0.0025இலும் அப்படித்தான். "படியைக் குறைத்தும் ஒரு விடையில் வந்து நிற்காத கணக்கு கணக்கே இல்லை, நீ பார்ப்பது உன் புரோகிராமின் பிழை" என்கிறார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, எண்முறைப் பாடத்தில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்ததே அதுதான்.

இன்னொன்று. பாயின்காரே வெட்டு எடுக்க, அதாவது விசையின் ஒரே கட்டத்தில் இடத்தையும் வேகத்தையும் புள்ளியாகக் குறிக்க, சுற்றுக்கு ஒரு புள்ளி என்று எடுத்தேன். சுற்றுக்காலம் 5.236, படி 0.01, ஆகவே 524 படிக்கு ஒரு புள்ளி. 3000 சுற்று ஓட்டினேன். மடிப்பு மடிப்பாக மெல்லிய கோடுகள் வரும் என்று எதிர்பார்த்தால் புள்ளிகள் அடைத்துக்கொண்ட ஒரு திட்டுதான் வருகிறது.

இது உண்மையான கேயாஸ்தான் என்று வைவாவில் எப்படி நிறுவுவது? கணினியை விட்டுவிட்டு லேபில் கையால் தொட்டுக் காட்டுகிற மாதிரி ஏதாவது செய்ய முடியுமா? யாராவது சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.


ஊசல் எழுதியது:

உங்கள் கைடு கேட்டது சரியான கேள்வி. அதிலிருந்து அவர் போன முடிவுதான் இந்த இடத்துக்குப் பொருந்தாது. நீங்கள் பார்த்த விலகல் மறைக்க வேண்டிய குறை இல்லை, அளந்து எண்ணாக எழுத வேண்டிய விஷயம். எப்படி என்று சொல்கிறேன்.

கேயாஸ் உள்ள அமைப்பில் சிறு பிழை நேரத்தோடு அடுக்குக்குறி வேகத்தில் வளரும், அந்த வளர்ச்சி வீதம்தான் லியபுனோவ் எக்ஸ்போனன்ட். ஒரு பேச்சுக்கு அது 0.1 என்று வைத்துக்கொள்ளுங்கள். தொடக்கப் பிழை 10இன் அடுக்கு −10 என்றால் அது 1 என்ற அளவுக்கு வளர, 23ஐ 0.1ஆல் வகுத்து, 230 கால அலகு ஆகும். சுற்றுக் கணக்கில் சுமார் 44. இப்போது படியைப் பாதியாக்குகிறீர்கள். நான்காம் வரிசை முறையில் பிழை 16 மடங்கு குறையும். 16இன் இயல் மடக்கை 2.77, அதை 0.1ஆல் வகுத்தால் 28 கால அலகு, அதாவது 5 சுற்றுக்குக் கொஞ்சம் மேல். கணினியை இரண்டு மடங்கு நேரம் ஓட்டி நீங்கள் கூடுதலாக வாங்குவது அந்த 5 சுற்று மட்டும்தான். டபுள் பிரெசிஷனின் (கணினி சுமார் 16 இலக்கம் வைத்துக்கொள்ளும் வழக்கமான துல்லியம்) எல்லையான 10இன் அடுக்கு −16 வரை போய் நின்றாலும் மொத்தம் 70 சுற்று. அதற்கு மேல் இந்தப் பாதையைத் துல்லியமாகப் பின்தொடர டபுள் பிரெசிஷனில் வழியே இல்லை, யார் புரோகிராம் எழுதினாலும் சரி.

ஆகவே படியை 0.04, 0.02, 0.01, 0.005, 0.0025 என்று பாதி பாதியாக்கிக்கொண்டே போங்கள். ஒவ்வொரு அடுத்தடுத்த ஜோடிக்கும் வித்தியாசம், உதாரணத்துக்கு, 0.1ஐத் தாண்டும் நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். எத்தனை முறை பாதியாக்கினீர்கள் என்பதை ஓர் அச்சிலும் அந்த நேரத்தை இன்னோர் அச்சிலும் போட்டால் ஏறக்குறைய நேர்கோடு வர வேண்டும், உருட்டுப் பிழை (கணினி கடைசி இலக்கங்களை வெட்டுவதால் வரும் பிழை) மேலோங்கும் வரை. ஒவ்வொரு பாதியாக்கலுக்கும் நேரம் எவ்வளவு தள்ளிப்போகிறது என்பதைக் கொண்டு 2.77ஐ வகுத்தால் எக்ஸ்போனன்ட் கையில் கிடைக்கும். எந்தச் சோதனையைச் சொல்லி "தப்பு" என்றாரோ அதே சோதனையிலிருந்து எண்ணை எடுத்துக் காட்டினால் உங்கள் கைடு நிச்சயம் உட்கார்ந்து பார்ப்பார்.

ஆனால் இது மட்டும் போதாது. சமன்பாட்டையே தப்பாக எழுதியிருந்தால் அந்தத் தப்பான சமன்பாடும் கேயாஸ் காட்டலாம், இதே நேர்கோட்டையும் கொடுக்கலாம். புரோகிராமை 0.20, 0.28, 0.29, 0.65 ஆகிய வீச்சுகளில் சோதியுங்கள். இவையெல்லாம் ஒழுங்கான இயக்கங்கள் (0.65இல் மறுபடி இரண்டு சுற்று வரும்), இங்கே உங்கள் கைடு சொல்லும் விதி முழுசாகப் பொருந்தும். படியைப் பாதியாக்க விடை நிலைத்து நிற்க வேண்டும், பிழை 16 மடங்கு குறைய வேண்டும். அப்படி வந்தால் அதே புரோகிராம் 0.50இல் மட்டும் கெட்டுப்போக ஒரு காரணமும் இல்லை.

அப்புறம் அந்தத் திட்டு. அதற்குக் காரணம் 524. 524 படி என்பது 5.24, சுற்றுக்காலமோ 5.23599. சுற்றுக்கு 0.004 வீதம் நழுவுகிறது. கொஞ்சம்தானே என்று தோன்றும், ஆனால் 1305 சுற்றில் அது ஒரு முழுச் சுற்றாகிவிடும், நீங்கள் ஓட்டியதோ 3000. ஒரே கட்டத்தில் வெட்டிய படத்துக்குப் பதில் எல்லாக் கட்டங்களின் படங்களும் ஒன்றின்மேல் ஒன்று ஏறி உட்கார்ந்திருக்கின்றன. படியை 0.01 என்று வைக்காமல் சுற்றுக்காலத்தை 500ஆல் வகுத்து வையுங்கள். நேரத்தையும் கூட்டிக் கூட்டிப் போகாமல் முழு எண் எண்ணிக்கையைப் படியால் பெருக்கி எடுங்கள். முதல் சில நூறு சுற்றுகளைத் தூக்கிப்போட்டுவிட்டு மீதியைப் புள்ளியிடுங்கள்.

அப்படி வரும் படத்தைச் சுற்றுக்காலத்தை 500ஆல் வகுத்த படிக்கும் 1000ஆல் வகுத்த படிக்கும் தனித்தனியாக வரைந்து ஒன்றின்மேல் ஒன்று வையுங்கள். பாதைகள் எங்கேயோ பிரிந்து போயிருக்கும், ஆனால் படம் அப்படியே பொருந்தும். தொடக்க நிலையை மாற்றினாலும் அதே படம்தான். படியைக் குறைத்தால் எது மாறாமல் நிற்கிறதோ அதைத்தான் விடை என்று சொல்ல வேண்டும் என்பது உங்கள் கைடின் நிபந்தனை என்றால், இங்கே அந்த நிபந்தனையை நிறைவேற்றுவது இந்தப் படம்.

மடிப்புகள் ஏன் வருகின்றன என்றும் கேட்பார்கள், தயாராக இருங்கள். தணிப்பு 0.3, சுற்றுக்காலம் 5.236, பெருக்கினால் 1.571, அதாவது பையில் பாதி. ஆகவே வெட்டுத்தளத்தில் நீங்கள் எந்தச் சிறு பரப்பை எடுத்தாலும் ஒரு சுற்றில் அது 0.208 மடங்காக, ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்காகச் சுருங்கும். வீச்சு எதுவானாலும் இந்த எண் மாறாது. பரப்பு இப்படிச் சுருங்கிக்கொண்டே வரும்போது ஒரு திசையில் மட்டும் நீளம் கூடுகிறது, நீண்டதற்குப் போக இடம் இல்லாததால் மடங்குகிறது. பரோட்டா மாஸ்டர் மாவை வீசி இழுத்து மடித்து மறுபடி வீசுவதுபோல், சுற்றுக்கு ஒரு தடவை, முடிவே இல்லாமல். அடுக்குக்குள் அடுக்காக நீங்கள் பார்க்கப்போகும் கோடுகள் அதனால் வருபவை.


பழுப்புத்தாள் எழுதியது:

ஊசல் சொன்னதோடு கொஞ்சம் வரலாறு சேர்க்கிறேன், உங்கள் முன்னுரைக்கு உதவும்.

உங்கள் கைடுக்கு வந்த சந்தேகம் இந்தத் துறையின் முதல் ஆளுக்கே வந்தது. கியோட்டோ பல்கலைக்கழகத்தில் யோஷிசுகே உவேதா முதுநிலை மாணவராக இருந்தபோது, 1961 நவம்பர் 27 அன்று, அனலாக் கணினியில் வெளியிலிருந்து உந்தப்படும் ஓர் அலையியற்றியைப் படித்துக்கொண்டிருந்தார். வான் டெர் போல், டஃபிங் இரண்டும் கலந்த சமன்பாடு. ஒழுங்கான வளைகோட்டில் வந்து படிய வேண்டிய புள்ளிகள் படியாமல், உடைந்த முட்டை மாதிரி ஓர் உருவத்தில் சிதறி விழுந்தன. கணினிதான் கெட்டுவிட்டது என்று முதலில் நினைத்ததாக அவரே பின்னாளில் எழுதியிருக்கிறார். இயந்திரம் சரியாகத்தான் இருந்தது. லோரென்ஸின் வானிலைக் கட்டுரை 1963இல்தான் வந்தது என்பதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பிறகு உவேதா டஃபிங் சமன்பாட்டையே எடுத்து, கன உறுப்பு மட்டும் உள்ள வடிவத்தில், தணிப்பு 0.05, வீச்சு 7.5, கோண அதிர்வெண் 1 என்று வைத்து வரைந்த படம்தான் இன்று எல்லோரும் அவர் பெயரில் சொல்லும் ஈர்ப்பான் (பாதைகள் கடைசியில் போய்ச் சேரும் உருவம்). டேவிட் ருயெல் அதை "ஜப்பானிய ஈர்ப்பான்" என்று அழைத்தார்.

அதற்கும் முன்னால், 1927இல், வான் டெர் போலும் வான் டெர் மார்க்கும் நியான் விளக்கு வைத்த ஒரு மின்சுற்றை வெளி சைன் அலையால் ஓட்டி, டெலிபோன் ரிசீவரைக் காதில் வைத்துக் கேட்டார்கள். சுற்றின் அதிர்வெண் ஒரு பின்னத்திலிருந்து அடுத்த பின்னத்துக்குத் தாவும் முன் ஒழுங்கற்ற இரைச்சல் கேட்பதாக எழுதினார்கள். அவர்கள் தேடியது அதிர்வெண் பகுப்பை, ஆகவே அந்த இரைச்சலைத் துணை நிகழ்வு என்று சொல்லிக் கடந்துவிட்டார்கள். இன்று படிக்கும்போது அந்த ஒரு வரிதான் கண்ணில் நிற்கிறது.

வெளி உந்துதல் ஏன் இவ்வளவு முக்கியம் என்பதையும் எழுதுங்கள். உந்துதல் இல்லாத டஃபிங் அலையியற்றிக்கு இடம், வேகம் என இரண்டே மாறிகள். இரண்டு பரிமாணத் தளத்தில் பாதைகள் ஒன்றையொன்று வெட்ட முடியாது, ஆகவே ஒரு புள்ளியிலோ ஒரு வளையத்திலோ போய் அடங்குவதைத் தவிரப் பெரிதாக ஒன்றும் நடக்காது என்று பாயின்காரே-பெண்டிக்சன் தேற்றம் சொல்லிவிடும். உந்துதலைச் சேர்த்தால் அதன் கட்டம் மூன்றாவது மாறியாகிறது, கேயாஸுக்கு வேண்டிய இடம் கிடைக்கிறது. இடம் மட்டும் போதாது, நேரியலற்ற உறுப்பும் வேண்டும். கன உறுப்பை எடுத்துவிட்டுச் சாதாரண சுருள்வில்லாக வைத்தால், தணிப்பு இருக்கும் வரை, எவ்வளவு வேகமாக உந்தினாலும் தொடக்க ஆட்டம் அடங்கியபின் உந்துதலின் அதே அதிர்வெண்ணில்தான் ஆடும்.

கணினியே இல்லாமல் நிறுவ வேண்டும் என்றால் மெல்னிகோவ் முறை இருக்கிறது. உங்கள் அளவுகளுக்குப் போட்டுப் பார்த்தேன், எல்லை வீச்சு 0.253 வருகிறது. அதற்கு மேல் கேயாஸ் என்று எழுதிவிடலாம்.


ஊசல் எழுதியது:

பழுப்புத்தாள் சொன்ன வரலாறு அருமை, ஆனால் கடைசி வரியை மட்டும் அப்படியே எழுதிவிடாதீர்கள், தேர்வாளர் அங்கேயே பிடித்துவிடுவார். 0.253க்கு மேல் கேயாஸ் என்றால் 0.28இலும் 0.29இலும் என்ன நடக்கிறது? இரண்டும் 0.253க்கு மேல்தான், இரண்டும் ஒழுங்கான இயக்கங்கள், கலங்கரையே பார்த்திருக்கிறார்.

மெல்னிகோவ் சொல்வது வேறு. இரண்டு குழிகளுக்கு நடுவே உள்ள மேட்டிலிருந்து புறப்படும் பாதைகளும் அந்த மேட்டை வந்து சேரும் பாதைகளும் அந்த எல்லைக்கு மேல் ஒன்றையொன்று வெட்டத் தொடங்குகின்றன. வெட்டினால் முடிவில்லாமல் வெட்டும், அந்தச் சிக்கலுக்குள் கேயாஸான பாதைகள் கட்டாயம் இருக்கும். ஆனால் அவை ஈர்க்கும் பாதைகளாக இருக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. நீங்கள் ஓட்டும் பாதை கொஞ்ச நேரம் அதில் மாட்டிச் சுற்றிவிட்டு ஓர் ஒழுங்கான வளையத்தில் போய் அமரலாம். நிலையற்ற கேயாஸ் என்பது இதுதான். ஆகவே 200 சுற்று பார்த்துவிட்டுக் கேயாஸ் என்று முடிவு கட்டக் கூடாது, ஆயிரக்கணக்கில் ஓட்ட வேண்டும். போதாக்குறைக்கு, மெல்னிகோவ் தணிப்பும் உந்துதலும் சிறியவை என்று எடுத்துக்கொள்ளும் தோராய முறை, 0.3ஐச் சிறியது என்று தாராள மனதோடுதான் சொல்ல முடியும்.

அந்த எல்லையால் பயன் இல்லை என்று சொல்லவில்லை. எல்லையைத் தாண்டியதும், எந்தத் தொடக்கப் புள்ளி எந்தக் குழிக்குப் போய்ச் சேரும் என்ற வரைபடத்தின் எல்லைக்கோடு பகுவியமாகிறது (ஃபிராக்டல், எவ்வளவு கிட்டே போனாலும் மடிப்பு தீராத கோடு). நீண்ட காலக் கேயாஸ் இல்லாத வீச்சிலேயே தொடக்க நிலைக்கான கூருணர்வு வந்துவிடுகிறது. ஒரு தனி அத்தியாயத்துக்குத் தாங்கும் விஷயம் இது.


கலங்கரை எழுதியது:

மிக்க நன்றி. படியைச் சுற்றுக்காலத்தில் 500இல் ஒரு பங்காக மாற்றியதும் படம் தெளிவாகிவிட்டது. வளைந்த கோடுகள், கிட்டே போனால் அதற்குள் இன்னும் கோடுகள். இரண்டு படிகளுக்கும் படம் பொருந்துகிறது. 0.37இல் எடுத்தபோது சரியாக ஐந்து புள்ளிகள் வந்தன.

இரண்டு சந்தேகம் வந்திருக்கிறது. படியைப் பாதியாக்கும்போது விலகும் நேரம் தள்ளிப்போவது உண்மைதான், ஆனால் ஒவ்வொரு முறையும் சம அளவில் தள்ளிப்போகவில்லை, கூடக் குறைய இருக்கிறது. இன்னொன்று, 0.20இல் தொடக்க நிலையை மாற்றினால் சில சமயம் வலது குழியில் வளையம், சில சமயம் இடது குழியில். ஒழுங்கான இயக்கம் என்றால் விடை ஒன்றுதானே இருக்க வேண்டும்?

லேப் விஷயத்துக்கு யாரும் பதில் சொல்லவில்லையே. எங்கள் டிபார்ட்மென்டில் ஆஸிலோஸ்கோப், ஃபங்ஷன் ஜெனரேட்டர், பிரெட்போர்டு எல்லாம் இருக்கிறது.


பிரெட்போர்டு எழுதியது:

லேப் கேள்விக்கு நான் வருகிறேன். இதற்காக நீங்கள் வெளிநாட்டுக் கட்டுரை எதையும் தேட வேண்டாம், திருச்சியிலேயே பிறந்த மின்சுற்று இருக்கிறது. பாரதிதாசன் பல்கலைக்கழகத்தின் முரளியும் லட்சுமணனும், கலிஃபோர்னியாவின் லியோன் சுவாவும் சேர்ந்து 1994இல் வெளியிட்டது, மூவர் பெயரின் முதலெழுத்தால் எம்.எல்.சி. சுற்று என்பார்கள். வெளியிலிருந்து உந்தப்படும் கேயாஸ் சுற்றுகளில் இதைவிட எளிமையாக ஒன்றைக் கட்டுவது கஷ்டம். ஒரு இண்டக்டர், ஒரு கபாசிட்டர், ஒரு ரெசிஸ்டர், ஒரு சுவா டையோடு (நேரியலற்ற உறுப்பு இதுதான்), சைன் அலை ஜெனரேட்டர், அவ்வளவுதான். இது டஃபிங் சமன்பாடு அல்ல, இங்கே நேரியலற்ற உறுப்பு கனம் அல்ல, துண்டு துண்டான நேர்கோடு. ஆனால் வீச்சை ஏற்றும்போது நடக்கும் கதை அதேதான்: ஒரு சுற்று, இரண்டு, நான்கு, அப்புறம் கேயாஸ்.

அளவுகள்: இண்டக்டர் 18 மில்லிஹென்றி, கபாசிட்டர் 10 நானோஃபாரட், ரெசிஸ்டர் 1340 ஓம், மின்னோட்டத்தை அளக்க ஒரு 20 ஓம், ஜெனரேட்டர் 8890 ஹெர்ட்ஸ். சுவா டையோடு என்று கடையில் கேட்டால் கிடைக்காது, ஆப்-ஆம்ப்பில் நாமே கட்ட வேண்டும். டி.எல்.082 ஒன்று போதும், அதற்குள் இரண்டு ஆப்-ஆம்ப் இருக்கும். இரண்டு 9 வோல்ட் பேட்டரி. ஒரு ஆம்ப்புக்கு 220, 220 ஓமும் 2.2 கிலோ ஓமும். மற்றதற்கு 22, 22 கிலோ ஓமும் 3.3 கிலோ ஓமும். 2200இன் தலைகீழியையும் 3300இன் தலைகீழியையும் கூட்டிப் பாருங்கள், 0.758 மில்லிசீமன்ஸ் வரும். நடுப்பகுதியின் எதிர்ச் சரிவு இதுதான். சுமார் 1 வோல்ட்டுக்கு மேல் ஒரு ஆம்ப் முட்டி நின்றுவிடும், சரிவு 0.409 ஆகக் குறையும். முதலில் இதை மட்டும் தனியாகக் கட்டி, மின்னழுத்தத்துக்கு எதிராக மின்னோட்டத்தை வரைந்து, முறியும் இரண்டு இடங்களும் பூச்சியத்துக்கு இருபுறமும் சமமாக வருகின்றனவா என்று பார்த்துவிட்டு மேலே போங்கள். பேட்டரி ஒன்று இறங்கியிருந்தால் அங்கேயே தெரிந்துவிடும்.

இப்போது மாணவர்கள் மாட்டிக்கொள்ளும் இடம். சமன்பாட்டில் உள்ள ரெசிஸ்டன்ஸ் என்பது வளையத்தில் தொடராக இருக்கும் எல்லாமும் சேர்ந்தது, 1340உம் 20உம் சேர்த்து 1360. ஆனால் உங்கள் ஜெனரேட்டருக்குள்ளேயே 50 ஓம் இருக்கிறது. 18 மில்லிஹென்றி சுருளுக்கும் சொந்தமாக ரெசிஸ்டன்ஸ் இருக்கும், மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள். 40 ஓம் காட்டுகிறது என்று வைத்துக்கொண்டால் 50, 40, 20 சேர்ந்து 110, ஆகவே 1340ஐ அப்படியே போடாமல் 1250 போட வேண்டும். அதற்காகத்தான் அந்த இடத்தில் நிலையான ரெசிஸ்டருக்குப் பதில் 2 கிலோ ஓம் பிரீசெட் (திருகி மாற்றும் ரெசிஸ்டர்) வைக்கச் சொல்வேன். இதைச் செய்யாமல் "சுற்று வேலை செய்யவில்லை" என்று கழற்றிப் போட்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன், மனசுக்குக் கஷ்டமாக இருக்கும்.

ஸ்கோப்பை எக்ஸ்-ஒய் மோடில் வைத்து, ஜெனரேட்டர் சிக்னலை ஒரு சேனலிலும் கபாசிட்டர் மின்னழுத்தத்தை மற்றதிலும் கொடுங்கள். இரண்டுக்கும் கிரவுண்டு ஒன்றுதான், ஆகவே வயரிங் தகராறு வராது. வீச்சைச் சில பத்து மில்லிவோல்ட்டிலிருந்து தொடங்குங்கள், ஜெனரேட்டரில் அட்டெனுவேட்டர் பட்டன் இருந்தால் அழுத்திக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் இவ்வளவு சின்ன வீச்சை நிதானமாக ஏற்ற முடியாது. முதலில் ஒற்றை வளையம். மெல்ல ஏற்ற ஏற்ற அந்த வளையத்தின் கோடு இரண்டாகப் பிரியும், பிறகு நான்காக. நான்கைப் பார்க்கக் கையில் பொறுமை வேண்டும், குமிழை ஒரு மயிரிழை கூடுதலாகத் திருப்பினால் தாண்டிவிடும். அடுத்தடுத்த பிளவுகளுக்கு இடையே உள்ள தூரம் ஏறக்குறைய 4.67 மடங்கு வீதம் குறைந்துகொண்டே வருவதால் எட்டைப் பிரெட்போர்டில் பிடிப்பது அரிது, எதிர்பார்க்காதீர்கள். 0.1 வோல்ட் சுற்றுவட்டாரத்தில் கோடுகள் கலைந்து ஒரு பட்டையாக நிறைந்துவிடும்.

அந்த நிலையில் வீச்சைக் கொஞ்சம் இறக்குங்கள். பட்டை மறுபடி நான்கு கோடாக, இரண்டு கோடாக ஒடுங்கும். உங்கள் கைடை அழைத்து அந்தக் குமிழை அவர் கையாலேயே திருப்பிப் பார்க்கச் சொல்லுங்கள். இங்கே படி நீளம் என்று ஒன்றே இல்லை, ரூங்கே-குட்டா இல்லை, உருட்டுப் பிழையும் இல்லை. வெறும் இரைச்சலாக இருந்தால் வீச்சை இறக்கும்போது வந்த வழியே இவ்வளவு ஒழுங்காகத் திரும்பிப் போகாது.


ஊசல் எழுதியது:

பிரெட்போர்டு சொன்ன அந்த 50 ஓம் விஷயத்தைக் கட்டாயம் குறித்துக்கொள்ளுங்கள். கலங்கரையின் மற்ற இரண்டு சந்தேகத்துக்கு வருகிறேன்.

விலகும் நேரம் சமமாகத் தள்ளிப்போகாதது இயல்பு. ஈர்ப்பானின் எல்லா இடத்திலும் பிழை ஒரே வேகத்தில் வளர்வதில்லை, மேட்டின் அருகே போகும்போது வேகமாக வளரும், குழிக்குள் சுற்றும்போது சுருங்கவும் செய்யும். எக்ஸ்போனன்ட் என்பது நீண்ட காலச் சராசரி. ஒரே தொடக்கப் புள்ளியை வைத்துக்கொண்டு பார்க்காமல் ஈர்ப்பான்மீது பல இடங்களில் தொடங்கி, விலகும் நேரங்களின் சராசரியைப் போடுங்கள், கோடு நேராகும்.

0.20இல் இரண்டு வளையங்கள் வருவது சமன்பாட்டின் சமச்சீரால். இடப்பெயர்ச்சியின் குறியை மாற்றி, நேரத்தை அரைச் சுற்று நகர்த்தினால் சமன்பாடு மாறாது. ஆகவே வலது குழியில் ஒரு வளையம் இருந்தால் இடது குழியில் அதன் ஜோடி இருந்தே தீரும். ஒழுங்கான இயக்கத்துக்கு விடை ஒன்றுதான் என்பது நேரியல் அலையியற்றியிலிருந்து வந்த பழக்கம். ஒரு நல்ல பயன்பாடும் உண்டு: உங்கள் புரோகிராமில் வரும் இரண்டு வளையங்களும் இந்தச் சமச்சீருக்குக் கட்டுப்படுகின்றனவா என்று இலக்கம் இலக்கமாகச் சோதிக்கலாம்.

வைவாவுக்கு எக்ஸ்போனன்ட்டை முறையாகவும் கணக்கிட்டு வையுங்கள். பாதையோடு சேர்த்து, அதன் அருகே உள்ள சிறு விலகலின் நேரியல் சமன்பாட்டையும் ஓட்ட வேண்டும், சுற்றுக்கு ஒரு தடவை அந்த விலகலின் நீளத்தை 1க்குக் கொண்டுவந்து, எவ்வளவு நீண்டிருந்தது என்பதன் மடக்கையைக் கூட்டிக்கொண்டே போக வேண்டும். இரண்டாவது விலகலை ஒவ்வொரு தடவையும் முதலாவதற்குச் செங்குத்தாக்கிக்கொண்டு இரண்டு திசைகளுக்கும் செய்தால் இரண்டு எக்ஸ்போனன்ட்கள் கிடைக்கும், கூட்டினால் −0.3 வர வேண்டும். தணிப்பு 0.3 என்பதால் வேறு வழியே இல்லை, வராவிட்டால் புரோகிராமில் எங்கோ கோளாறு. ஆனால் வந்துவிட்டது என்பதாலேயே எல்லாம் சரி என்று நினைத்துவிடாதீர்கள். கன உறுப்பின் வகைக்கெழுவில் 3ஐ விட்டுவிட்டாலும் கூட்டுத்தொகை −0.3தான் வரும், ஏனென்றால் அந்த உறுப்பு கூட்டுத்தொகைக்குள் நுழைவதே இல்லை. அந்தத் தப்பைப் பிடிக்க வேறு சோதனை வேண்டும்: 0.20இலும் 0.28இலும் இரண்டு எக்ஸ்போனன்ட்களும் எதிர்க்குறியில், அதாவது பூச்சியத்துக்குக் கீழே, இருக்க வேண்டும். 0.50இல் பெரியது நேர்க்குறியில் வந்து, படியைப் பாதியாக்கிய கோட்டிலிருந்து நீங்கள் எடுத்த எண்ணோடு ஒத்துப்போக வேண்டும். இரண்டு வழியில் வந்த எண்களையும் ஒரே அட்டவணையில் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். எத்தனை சுற்றுக்குச் சராசரி எடுத்தீர்கள் என்பதையும் கட்டாயம் போடுங்கள், 1000 சுற்றுக்கும் 10000 சுற்றுக்கும் மாறாத இலக்கங்களை மட்டும் வைத்துக்கொண்டு மீதியை வெட்டிவிடுங்கள்.